பால்பற்கள் திரும்பிய ஆடி

சின்னாங்கரட்டில் ஆடிப்பெருக்கு அன்று மதியம், வீட்டுக்கு வீடு களி கிண்டி இறக்கி, உருண்டையில் குழி பறித்துக் கீரைக் குழம்பை ஊற்றிக்கொண்டிருந்த நேரத்தில், அந்த ஊர்ப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாகக் கூரைமேல் எறிந்திருந்த பால்பற்கள் அத்தனையும் இறங்கி வந்தன.

காலையிலிருந்து புழுதியை வாரி இறைத்த காற்று முதலில் நின்றது. அப்புறம் ஓட்டின்மேல் யாரோ துவரம்பருப்பைக் கொட்டிப் பரப்புகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. பெருமா எட்டிப் பார்த்தபோது, தாழ்வார விளிம்பிலிருந்து பற்கள் ஒவ்வொன்றாகச் சொட்டி, வாசலில் விழுந்து, மேலே ஒட்டியிருந்த காய்ந்த சாணியை உதறிக்கொண்டு, தத்தம் ஆளைத் தேடிப் போய்க்கொண்டிருந்தன. விழுந்த பல்லைச் சாணியில் உருட்டிக் கூரைமேல் எறிந்தால் அடுத்த பல் நன்றாக முளைக்கும் என்பது ஊர்வழக்கம். எறிந்தவர்கள் எறிந்ததோடு மறந்துபோயிருந்தார்கள், பற்கள்தான் யாரையும் மறக்கவில்லை.

வாயைப் பிளந்து வேடிக்கை பார்த்தவர்களுக்குச் சிரமமே இல்லாமல் போயிற்று. பழைய பழுப்புப் பல் புளியங்கொட்டையாய்க் களித் தட்டில் விழ, அதே இடத்தில் அரிசி அரிசியாய் வெள்ளைப் பற்கள் போய் உட்கார்ந்துகொண்டன. பெருமாவின் கணவர் மாதையன் எதையும் லேசில் ஒப்புக்கொள்கிற ஆளில்லை, வாயை இறுக்கி மூடிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். அவருடைய பற்கள் கட்டில் காலடியில் பொறுமையாகக் காத்திருந்து, அவர் தும்மின கணத்தில் உள்ளே போயின. கூரையைப் பிரித்துவிட்டுத் தளம் போட்டவர்களின் பற்கள் குப்பைமேட்டிலிருந்தும் கம்பங்காட்டிலிருந்தும் மண்ணோடு வந்தன, அவற்றை வாசலில் கழுவித்தான் உள்ளே விட்டார்கள். ஓசூருக்கும் திருப்பூருக்கும் வேலைக்குப் போயிருந்தவர்களின் பற்கள் சாயந்திர பஸ்ஸில் ஏறிக்கொண்டன. செத்துப்போனவர்களின் பற்கள் மட்டும் வாசலில் கொஞ்ச நேரம் சுற்றிப் பார்த்துவிட்டு, ஆள் இல்லை என்று தெரிந்ததும் சுடுகாட்டுப் பக்கம் உருண்டுபோயின.

பெருமாவைத் தேடி ஒரு பல்லும் வரவில்லை. அவள் ஆற்றோரத்து ஊரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள், அவளுக்கு இருந்த பல்லே முல்லை அரும்பாட்டம் இருந்தது. ஆனாலும் அவள் வாசலில் நெடுநேரம் நின்றாள். மகன் கிரிக்கு முன்னால் பிறந்து வயிற்றுப்போக்கில் போன பிள்ளையின் பல் ஏதாவது வருமா என்று அவள் மனசு பார்த்தது. அந்தப் பிள்ளைக்குப் பல் முளைக்கவே இல்லை என்பது பிறகுதான் ஞாபகம் வந்தது.

அந்த ஊரின் பல் வரலாற்றைக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். சின்னாங்கரட்டுப் பிள்ளைகளுக்குப் பால்பல் எல்லாம் முத்தாகத்தான் முளைக்கும். பெரும்பாலும் தாயின் வயிற்றிலேயே உருவாகிற பல் அது, தண்ணீரில் வருகிற கேட்டைத் தாயின் உடம்பு முடிந்த மட்டும் தடுத்து வைத்துக்கொள்ளும். பிள்ளை வெளியே வந்து ஊர்த் தண்ணீரைக் குடிக்கத் தொடங்கியபின் ஈறுக்குள் உருவாகிற இரண்டாவது பல்தான் பழுப்புக் கோடும் கறைத் திட்டுமாக எட்டிப் பார்க்கும். கரட்டுப் பாறைக்குள் வெகு ஆழத்தில் கிடந்த அந்தத் தண்ணீர், போர் போட்டு மேலே வந்தபோது கண்ணாடி மாதிரி இருந்தது. குட்டைத் தண்ணீரில் தவளையோடு குடித்தவர்கள் அதைக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். அதில் பாறையிலிருந்து ஊறுகிற ஃபுளோரைடு என்கிற உப்பு அளவுக்கு மீறிக் கரைந்திருக்கிறது, பல்லில் கறையாகவும் எலும்பில் பிடிப்பாகவும் அதுதான் வேலை செய்கிறது என்று துணை சுகாதார நிலையத்து எஸ்தர் நர்ஸம்மா வந்த புதிதிலேயே சொன்னார். ஊர் கேட்டுக்கொண்டது. கேட்டுக்கொண்ட விதத்தில்தான் கோளாறு.

ஏனென்றால் அதே நர்ஸம்மாதான் வயிற்றுப்போக்கில் பிள்ளைகள் போன வருஷத்தில் வீடு வீடாக வந்து, தண்ணீரைக் கொதிக்க வைத்துக் கொடுங்கள், கிருமி செத்துப்போகும் என்று சொன்னவர். அப்படியே செய்தார்கள், சாவு நின்றது. கண்ணால் பார்த்ததை எப்படி நம்பாமல் இருப்பது? கிருமியே சாகிற சூட்டில் இந்த ஃபுளோரைடு மட்டும் என்ன சாகாவரம் வாங்கியா வந்திருக்கிறது, இன்னும் கொஞ்சம் கூடக் காய்ச்சினால் அதுவும் சாகும் என்று ஊர் முடிவு கட்டியது. அன்றிலிருந்து சின்னாங்கரட்டில் பிள்ளைக்குத் தண்ணீர் என்றால், கஷாயம் வைப்பதுபோலப் பானையில் பாதியாகச் சுண்டக் காய்ச்சி, ஆற வைத்து, துணியில் வடிகட்டிக் கொடுப்பது என்று ஆயிற்று. அப்படிச் செய்யாதவளுக்குப் பச்சைத்தண்ணிக்காரி என்று பெயர். பிள்ளைமேல் அக்கறை இல்லாதவள் என்று அதற்கு அர்த்தம். அதைவிடக் கேவலமான வசவு அந்த ஊரில் கிடையாது.

ஒரு பிள்ளையைப் பறிகொடுத்த பெருமா, அடுத்துப் பிறந்த தீர்த்தகிரிக்குப் பாதியோடு நிறுத்தவில்லை, கால் பங்காகக் காய்ச்சினாள். விறகு பொறுக்கிப் பொறுக்கி அவள் கை காய்த்தது. அவனோ ஊரிலேயே மிகக் கறுத்த பல்லும், முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கம் வளைந்த காலுமாக வளர்ந்தான். அவனுக்குப் பின்னால் பிறந்த செந்தாமரைக்குக் காய்ச்ச நேரமில்லை, அது குழாயில் வாய் வைத்துக் குடித்துத் திரிந்தது. அதன் பல்லில் லேசான வெள்ளைக் கோடுகள் மட்டும்தான், காலும் நேராகவே இருந்தது. இப்படி ஏன் என்று யாரும் யோசிக்கவில்லை. ஆண்பிள்ளைக்குக் கண் பட்டுவிட்டது என்று பெருமா சுற்றிப் போட்டாள், மறுநாள் இன்னும் நன்றாகச் சுண்டக் காய்ச்சினாள்.

கிரி வளர்ந்து போட்டோகிராபர் ஆனான். கல்யாண வீட்டில் மாப்பிள்ளையையும் பெண்ணையும் நிற்க வைத்து, சிரிங்க, இன்னும் கொஞ்சம் சிரிங்க என்று ஊரையெல்லாம் சிரிக்கச் சொல்கிற தொழில். அவன் மட்டும் சிரித்து யாரும் பார்த்ததில்லை. சிரிப்பு வந்தால் கையால் வாயைப் பொத்திக்கொண்டு கேமராவுக்குப் பின்னால் போய்விடுவான். அந்தக் கை வாய்க்குப் போகிற ஒவ்வொரு தடவையும் பெருமா முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்வாள். வேறு எதுவும் வேண்டாம், என் பிள்ளை ஒரு தடவை வாய்விட்டுச் சிரிக்க வேண்டும் என்பதுதான் அவள் கோயில் கோயிலாகக் கேட்டது.

அவன் வாயிலும் இப்போது பால்பல் வந்துவிட்டது.

ஊர் அதை எப்படி எடுத்துக்கொண்டது என்கிறீர்கள்? சந்தோஷமாகத்தான். ஒரு வாரம் எல்லோரும் காரணமில்லாமல் சிரித்துக்கொண்டு திரிந்தார்கள். கறிக்கடைக்காரர் கேட்காமலே கறியைப் பொடியாகக் கொத்திக் கொடுத்தார். கரும்பும் முறுக்கும் விற்கவில்லை, களிக்கு எந்தக் குறையும் இல்லை, அதை எப்போதுமே மென்று தின்னுவதில்லை. வரப்புத் தகராறில் நரைத்த தலைகள் இரண்டு கட்டிப் புரண்டபோது ஒருவர் இன்னொருவரின் தோளைக் கடித்துவிட்டு ஓடினார். பஞ்சாயத்துத் தலைவர் சென்றாயன் பேசும்போது பல்லிடுக்கில் விசில் அடித்தது, ஆனாலும் பேச்சைக் குறைத்துக்கொள்ளவில்லை. இதெல்லாம் நம் போர்த் தண்ணீரின் மகிமை என்று அவர் மோட்டார் ரூமுக்கு மாலை போட்டுப் பொங்கல் வைத்தார். சின்னாங்கரட்டுப் பெண்ணா என்று பல்லைப் பார்த்துத் திரும்பிப்போன வெளியூர்க்காரர்கள் இப்போது தட்டோடு வந்தார்கள். ஆவணியில் கல்யாணத்துக்குமேல் கல்யாணம்.

ஆனால் பல் மட்டும்தான் திரும்பியது. எலும்பை யாரும் கூரைமேல் எறிந்து வைக்கவில்லை. மாதையனுக்குக் கழுத்து திரும்பாது, யாராவது கூப்பிட்டால் ஆளே திரும்ப வேண்டும், அது அப்படியேதான் இருந்தது. கிரியின் காலும் அப்படியேதான் இருந்தது. பல்லைப் பார்க்கிற சந்தோஷத்தில் ஊர் முட்டிவலியைக் கொஞ்ச நாள் மறந்துபோயிருந்தது.

சென்றாயனின் மகள் கல்யாணத்தில்தான் அந்தக் குழம்பு சுண்டியது. பெரிய சமையல்காரர் வெற்றிலை போடப் போன நேரத்தில் அடுப்பில் கிடந்த கத்திரிக்காய்க் குழம்பு கொதித்துக் கொதித்துப் பாதிக்கு வந்துவிட்டது. பந்தியில் முதல் வரிசை வாயில் வைத்ததும் முகத்தைச் சுளித்தது. பாத்திரம் கழுவிக்கொடுக்கப் போயிருந்த பெருமா கரண்டியால் கொஞ்சம் எடுத்து உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தாள். உப்புக் கரித்தது. சமையல்காரர் வந்து, போட்டது சரியான உப்புதான், தண்ணி சுண்டிருச்சு, உப்பு எங்க போவும், அங்கியேதான கெடக்கும், ரெண்டு குடம் தண்ணிய ஊத்துங்க என்று சொல்லிவிட்டு அடுத்த அடுப்புக்குப் போய்விட்டார்.

பெருமா போகவில்லை. கரண்டியைப் பிடித்தபடி நின்றாள். அவள் எத்தனையோ வருஷம் குழம்பு வைத்தவள், சுண்டினால் கரிக்கும் என்பது அவளுக்குத் தெரியாததா? தெரிந்ததுதான். அந்தத் தெரிந்ததும், வீட்டில் பானைக்கு அடியில் சுண்ணாம்பாட்டம் படிந்து வருஷா வருஷம் அவள் சுரண்டிப் போட்ட வெள்ளைப் படிவும், கால் பங்கு தண்ணீரும், வளைந்த காலும் அத்தனை நாளும் தனித்தனியாகக் கிடந்தன. அன்றைக்கு அந்தக் கரண்டியில் ஒன்றாக வந்து சேர்ந்தன. அவள் கரண்டியை அண்டாவுக்குள் போட்டுவிட்டு, கையைக்கூடக் கழுவாமல் துணை சுகாதார நிலையத்துக்கு நடந்தாள்.

எஸ்தர் நர்ஸம்மா அப்போதுதான் சாப்பாட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். பெருமா வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"நர்ஸம்மா, மறைக்காம சொல்லுங்க. தண்ணியக் காய்ச்சினா அந்த ஃபுளோரைடு சாகுமா?"

"உயிர் இருந்தாத்தானம்மா சாகறதுக்கு. அது கல்லு. தண்ணிதான் ஆவியாப் போகும், அது அடியில நிக்கும்."

"அப்ப பாதியாச் சுண்டினா?"

"ரெண்டு பங்கு ஆகும்." சொல்லும்போதே அவருக்கு ஏதோ தட்டியது. பெருமாவின் முகத்தைப் பார்த்தார். "நீங்கல்லாம் எவ்வளவு நேரம் காய்ச்சறீங்க?"

பெருமா சொன்னாள். நர்ஸம்மா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கொதி வந்ததும் இறக்குவார்கள் என்றுதான் அவர் நினைத்திருந்தார், எந்த வீட்டிலும் அடுப்படிக்குள் போய் அவர் நின்று பார்த்ததில்லை. "கொதிக்க வைங்கன்னுதான் சொன்னேன் பெருமா," என்றார் மெதுவாக. "சுண்ட வைங்கன்னு நான் சொல்லலையே." அவர் கண்ணும் கலங்கியது. அவர்மேல் கோபப்பட முடியுமா என்று பெருமா ஒரு நிமிஷம் முயன்று பார்த்தாள், முடியவில்லை. தன்மேல்தான் வந்தது, அதுவும் ஆற்றாமையாகத்தான் வந்தது.

வீட்டுக்கு வந்து, அடுப்பில் சுண்டிக்கொண்டிருந்த தண்ணீரை வாசலில் கொட்டினாள். கிரி கல்யாண வீட்டிலிருந்து கேமராவோடு வந்து நின்றான். அவள் அவனை உட்காரக்கூடச் சொல்லாமல், உன் காலை வளைச்சது நான்தான்டா சாமி, உன் பல்லக் கெடுத்ததும் நான்தான் என்று சொல்லி, குழம்பிலிருந்து தொடங்கி அத்தனையும் சொன்னாள். அழுகைக்கு நடுவில் மூச்சு வாங்கிச் சொன்னாள். அவன் கேட்டு முடித்து, பானையின் அடியில் இருந்த படிவை நகத்தால் சுரண்டிப் பார்த்தான். பிறகு கீழ் முன்பல்லில் விரலை வைத்து ஆட்டிக் காட்டினான்.

"ஆடுதும்மா," என்றான். "பால்பல்லுதான, உழுந்துரும். அதுக்குப் பின்னாடி உள்ள ஒண்ணு உருவாயிட்டு இருக்கும். மொதல்ல தண்ணிய மாத்து, அப்புறம் அழுவலாம்."

அது அவளுக்குத் தோன்றியிருக்கவில்லை. ஊரில் ஒருத்தருக்கும் தோன்றியிருக்கவில்லை. பால்பல் என்றால் விழுகிற பல், விழுந்தால் இன்னொன்று முளைக்கும், இன்றைக்குக் குடிக்கிற தண்ணீரில்தான் அது உருவாகும். ஊர் முழுவதையும் யாரோ கையைப் பிடித்து ஏழு வயசுக்குத் திரும்பக் கூட்டிக்கொண்டு போய் விட்டிருக்கிறார்கள், இவர்கள் அங்கே நின்று பல்லைக் காட்டிப் போட்டோ எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். பெருமா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தாள்.

அவள் சொன்னதை முதலில் யாரும் காதில் வாங்கவில்லை. வாங்கினவர்களுக்குக் கோபம் வந்தது. பெத்த பிள்ளைக்கு நெருப்பில் வெந்து காய்ச்சிக் கொடுத்தோமே, அது விஷமா என்று பெண்கள் சண்டைக்கு வந்தார்கள். அவர்களுக்கு வலிக்கும் என்று பெருமாவுக்குத் தெரியும், அவளுக்கு வலித்த அதே இடம்தான். ஆனாலும் விடவில்லை. வீடு வீடாகப் போய், அவரவர் பானையையே கவிழ்த்து அடியைச் சுரண்டி அவரவர் கையில் கொடுத்தாள். இந்த வெள்ளை எங்கிருந்து வந்தது என்று மட்டும் கேட்டாள். பச்சைத்தண்ணிக்காரி வர்றா என்று கதவைச் சாத்தினார்கள். அந்தப் பெயரை அவள் துடைத்துக்கொள்ளவில்லை. ஆமா, பச்சைத்தண்ணிக்காரிதான், உள்ளே வரலாமா என்று கேட்டுக்கொண்டே போனாள்.

சென்றாயன் கூட்டம் போட்டு அவளைக் கண்டித்துப் பேசினார். நம் தண்ணீர் பாலுக்குச் சமம் என்று சொல்லி முடிக்கும்போது அவருடைய முன்பல் இரண்டு மைக்கில் பட்டுத் தெறித்து விழுந்தன. கூட்டத்தில் எல்லோருக்கும் நாக்கு தன்னாலே அவரவர் பல்லைத் தொட்டுப் பார்த்தது. எல்லாமே ஆடிக்கொண்டிருந்தன. சென்றாயன் மைக்கைக் கீழே வைத்துவிட்டு, "பெருமாக்கா, இப்ப என்னாத்தக் குடிக்கறது?" என்று கேட்டார்.

போரைத் தொடக்கூடாது. குட்டை தூர்ந்துபோயிருந்தது. பெருமா அண்ணாந்து கூரையைப் பார்த்தாள். அத்தனை பற்களும் அத்தனை காலம் கறை படாமல் கிடந்த இடம் அது, அங்கே மழைத் தண்ணீரைத் தவிர வேறு தண்ணீர் எதுவும் பட்டதில்லை. பதில் அங்கேயேதான் இருந்தது.

புரட்டாசிக் கடைசியில் மழை பிடித்துக்கொண்டது. முதல் மழையைக் கூரை கழுவ விட்டுவிட்டு, அடுத்த மழையிலிருந்து ஓட்டில் வழிகிற தண்ணீரைத் தாழ்வாரத்தில் பிடித்தார்கள். அது போதாமல், ஆவணியில் கட்டின மாப்பிள்ளை வேட்டிகள் அத்தனையும் வெளியே வந்தன. நான்கு குச்சி நட்டு வேட்டியைக் கட்டி, நடுவில் ஒரு கூழாங்கல்லை வைத்து, அடியில் அண்டாவை வைத்தார்கள். தெருவெல்லாம் ஜரிகை வேட்டிகள் மழையில் தொங்கின. சேர்ந்த தண்ணீர் தொட்டிகளில் நிறைந்தது, குடிக்க அந்தத் தண்ணீரே என்று ஊர்க்கட்டுப்பாடு போட்டார்கள். கொதி வந்ததும் இறக்கிவிட வேண்டும். நர்ஸம்மா இந்தத் தடவை ஒவ்வொரு அடுப்படியிலும் போய் நின்று பார்த்தார். கேழ்வரகோடு பாலும் முருங்கைக்கீரையும் சேர்த்துக்கொள்ளுங்கள், எலும்பு தேறும் என்றும் சொன்னார். வளைந்தது இனி நிமிராது, ஆனால் மேற்கொண்டு வளையாமல் நிற்கும் என்று அவர் சொன்னபோது கிரி தலையாட்டினான். அது அவனுக்கு முன்பே தெரிந்திருந்தது.

தையில் பற்கள் மளமளவென்று விழுந்தன. விழுந்த பல்லை என்ன செய்வது என்பதில் ஒரு சிக்கல் வந்தது. வழக்கப்படி சாணியில் உருட்டிக் கூரையில் எறிந்தால் குடிக்கிற தண்ணீரில் சாணி கலக்கும். எறியாவிட்டால் அடுத்த பல் வராதோ என்று பயம். மீசை நரைத்தவர்கள் பல்லைக் கையில் வைத்துக்கொண்டு முழித்தார்கள். மாதையன்தான் முதலில் எழுந்தார், முழு உடம்பையும் திருப்பி எல்லோரையும் ஒரு தடவை பார்த்தார், நேராகப் போர் மேட்டுக்குப் போனார். மோட்டாரைக் கழற்றிவிட்டிருந்த குழாயின் வாயில் தன் பற்களைக் கொட்டி, "இந்தா, எங்ககிட்ட வாங்கினது போதும், இதோட நிறுத்திக்கோ," என்றார். ஊரே வரிசையில் நின்று கொட்டியது. உள்ளே விழுகிற சத்தம் கேட்கவே இல்லை, அவ்வளவு ஆழம். கடைசியில் மூடியைப் போட்டுச் சிமெண்ட் பூசிவிட்டார்கள்.

பங்குனி பிறந்தபோது கிரிக்கு ஈறில் முதல் பல் எட்டிப் பார்த்தது. பெருமாவால் அதைப் பார்க்க முடியவில்லை. மாவரைத்தாள், மாட்டுக்குத் தண்ணி காட்டினாள், எதிர்வீட்டில் போய் உட்கார்ந்தாள், அவன் முகத்துக்கு நேரே மட்டும் வரவில்லை. பல் முழுசாக வளர்கிறவரை அவனும் அவளை வற்புறுத்தவில்லை. ஒரு சாயந்திரம் கேமராவை எடுத்துக்கொண்டு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். தன் பல்லைத் தானே படம் எடுத்திருந்தான். திரையில் அதைப் பெரிதாக்கி அவள் மடியில் வைத்தான்.

பல்லின் நுனியில் மயிரிழை அளவுக்கு ஒரு பழுப்புக் கோடு இருந்தது. கோட்டிலிருந்து ஈறுவரைக்கும் வெள்ளை.

பெருமா திரையைக் கண்ணுக்குப் பக்கத்தில் தூக்கிப் பிடித்தாள். "கோடு இருக்குதே சாமி," என்றாள்.

"நுனிதாம்மா மொதல்ல உருவாகும்," என்றான் கிரி. விரலைக் கோட்டின்மேல் வைத்தான். "இது ஆடியிலிருந்து அந்தக் குழம்பு சுண்டின அன்னிக்கு வரைக்கும். நீ காய்ச்சிக் குடுத்தது." விரலை ஈறுப் பக்கம் நகர்த்தினான். "இது அதுக்கப்புறம். நீ கொட்டிட்டு ஊரோட சண்டை போட்டது. ரெண்டுமே நீ என்மேல வச்ச பாசந்தான். எனக்கு ரெண்டும் இருக்கட்டும்."

அவள் அழப்போனாள். அதற்குள் மாதையன் கட்டிலிலிருந்து, கோடு எந்தப் பக்கம், எனக்கும் காட்டுங்க என்று கழுத்தைத் திருப்பப் பார்த்து, அது வராமல், ஆளோடு திரும்பி, கால் தவறி மாட்டுத்தொட்டிக்குள் உட்கார்ந்துவிட்டார். கிரிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பழக்கத்தில் கை பாதி தூரம் வாய்க்குப் போயிற்று, பிறகு அது மடியில் இறங்கிவிட்டது. அவன் தலையைப் பின்னால் சாய்த்து, வாயை அகலத் திறந்து, தெருவே கேட்கச் சிரித்தான். பெருமா கேமராவை வைத்துவிட்டு, அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.